அம்மா வைக்காத கைநாட்டு

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்கள் எல்லோருமே கம்பெனி வேலைக்காக வந்தவர்கள். ஊத்தங்கரைப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம், ஆந்திரா எல்லைப் பக்கம் என்று ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு பேச்சு. ஆனால் மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, போனில் வந்திருப்பது கம்பெனி செய்தியா சிம் கார்டு விளம்பரமா என்று தெரிய வேண்டுமென்றால் எல்லாக் கதவுகளும் என்னைத்தான் கூப்பிடும். வாசித்து முடித்தால் ஒரு வர்க்கி கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு கடலை மிட்டாய். இரண்டும் இல்லாத வீட்டில் "தங்கமாட்டம் படிக்குது பாரு" என்று ஒரு வார்த்தை கிடைக்கும். எனக்கு அந்த வார்த்தைதான் ரொம்பப் பிடிக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் என்ன இருக்க முடியும்?

இந்த உத்தியோகத்துக்கு எனக்கு சிபாரிசு செய்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கல்லாவிக்குப் பக்கத்தில் இருந்த ஊரை விட்டு, காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். பகலில் மெஷின்களுக்குள் மாட்டுகிற பித்தளை வளையமான புஷ் தயாரிக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், நின்றிருக்கும் பஸ்களுக்கு முன்னால் நிறுத்துவார். "இது எந்த ஊருக்குப் போவுது பாப்பா?" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்பார். எந்த பஸ் எங்கே போகிறது என்று அதன் ஹாரன் சத்தத்திலேயே சொல்லக்கூடியவர் அவர். இருந்தாலும் நான் போர்டை வாசித்ததும், அப்போதுதான் தெரிந்துகொண்டவர் மாதிரி தலையை ஆட்டுவார். சுற்றி நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டீக்கடையில் நின்றிருந்தாராம். இரண்டு பேர் சாதாரண சட்டை பேண்ட்டில் பைக்கில் வந்து, அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீக்கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். கம்பெனி ஸ்டோரிலிருந்து ஒரு லோடு புஷ் காணாமல் போயிருக்கிறது, காண்ட்ராக்ட் பையன்களை விசாரிக்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றார். பயப்பட ஒன்றும் இல்லை என்பதை அவர் மூன்று நான்கு தடவை சொன்னதால் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

ஸ்டேஷன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா களியும் கீரைக் குழம்பும் தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்பா கூட வந்தார், நானும் போனேன். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். எவ்வளவு பாரமாக இருந்தாலும் முதுகைக் கொடுப்பார், ஆனால் காக்கிச் சட்டையைப் பார்த்தால் குரல் இறங்கிவிடும். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஒரு ஏட்டு அம்மாவிடம் ஊர் பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், அப்புறம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகு, அப்படி யாரையும் இங்கே கொண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

படியில் இறங்கும்போது அம்மா, ஓரமாகக் கிடந்த செருப்புகளையே பார்த்தாள். மாமாவின் செருப்பு அதில் இருந்தது. நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு மாட்டியது. அந்த ஊக்கு அம்மாவுடையது. அவள் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது தூக்கு காலியாக இருந்தது. மாமா நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தூக்கைத் தன் கண்ணால் பார்க்கவே இல்லை என்று மாமா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். குழம்பில் உப்புக் கொஞ்சம் கம்மி என்று மட்டும் ஸ்டேஷனுக்குள் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்ததாம்.

அன்றைக்கும் அவர் அங்கே இல்லை என்றுதான் சொன்னார்கள். அம்மா அசையாமல் நின்றாள். நான் வழக்கம்போலக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு பெரிய போர்டு இருந்தது. கைது செய்யப்படும் நபரின் உறவினருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று தொடங்கி வரிசையாக எழுதியிருந்தது. பாதிக்குக் கீழே வாசிக்க முடியவில்லை, உடைந்த நாற்காலிகளை முன்னால் அடுக்கியிருந்தார்கள். தெரிந்த வரைக்கும் சத்தமாக வாசித்தேன். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் சிரித்துவிட்டு, எந்த ஸ்கூல் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். போலீஸ்காரரே பாராட்டிவிட்டார் என்று அன்று சாயங்காலம் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் வர்க்கி கொடுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மதியம், பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தபோது அம்மா வந்தாள். டீச்சரிடம் ஏதோ சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடேயே என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். முன்னால் அப்பாவும், மாமாவின் கம்பெனி சூப்பர்வைசரும் போய்க்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். கன்னடத்தைத் தமிழ் மாதிரியும் தமிழைக் கன்னடம் மாதிரியும் பேசுவார். அவர் முகம் நல்ல செய்தி கொண்டுவந்தவருடைய முகமாக இருந்தது.

செய்தி நல்லதுதான். காணாமல் போன புஷ் கிடைத்துவிட்டது. யாரும் எடுக்கவே இல்லை. ஒரு லோடைப் பிளேட்டிங் போடுவதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்புவது வழக்கம். அந்த வாரம் அனுப்ப வேண்டிய புஷ் தொட்டிகளோடு அனுப்பக்கூடாத தொட்டிகளையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் வந்ததற்கெல்லாம் பளபளவென்று மெருகு போட்டு, அன்று காலையில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆக, திருட்டே நடக்கவில்லை. நடக்காத திருட்டை மாமா செய்தாரா இல்லையா என்றுதான் இரண்டு நாளாக விசாரித்திருக்கிறார்கள்.

"ஒரு காயிதத்துல கைநாட்டு வெச்சுட்டுக் கூட்டினு போவியாம்மா, அவ்ளோதான்," என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எஸ்.ஐ.யிடம் தானே பேசி முடித்ததாகவும் சொன்னார்.

இந்தத் தடவை எங்களை வராந்தா வரைக்கும் விட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ரைட்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எஸ்.ஐ. நின்றிருந்தார், சின்ன வயதுக்காரர், அன்றைக்குத்தான் முடி வெட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே மாமா தெரிந்தார். சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை புதிதாக இருந்தது, அவருடையது இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"பாப்பா, ஸ்கூலுக்குப் போவலியா?" என்றார்.

ரைட்டர் மை டப்பாவைத் திறந்து, காகிதத்தை அம்மா பக்கம் திருப்பி வைத்து, இடம் காட்டினார். அம்மா கையை நீட்டவில்லை. காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"படி. சத்தமா படி," என்றாள்.

நான் அதற்காகவே பிறந்தவள். அப்போது கம்பெனிகளில் காலை ஷிப்ட் விட்டிருந்தது. விஷயம் தெரிந்த மாமாவின் கூட்டாளிகள் பத்துப் பதினைந்து பேர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் நான் வாசித்ததே இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொடங்கினேன். விசாரணைக்காக அழைத்து வரப்பட்ட என் தம்பியை, உடலில் எவ்விதக் காயமும் இன்றி, நல்ல உடல்நிலையில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இன்று பெற்றுக்கொண்டேன். 'எவ்விதக் காயமும் இன்றி' என்பதைத் திக்காமல் ஒரே மூச்சில் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. அடுத்த வரியின் முதல் வார்த்தை 'பின்னிட்டு' என்று இருந்தது. நான் கேள்விப்படாத வார்த்தை; 'இனிமேல்' என்பதை ஸ்டேஷனில் அப்படி எழுதுவார்கள் என்று அப்போது தெரியாது. சடை பின்னுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து நின்றுவிட்டேன்.

"பின்னிட்டு இது சம்பந்தமாக எந்தப் புகாரும் செய்ய மாட்டேன்," என்று அம்மா சொன்னாள்.

நான் காகிதத்தைப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறாமல் அதுதான் இருந்தது. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத அம்மா, நான் திணறிய இடத்தை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. என் உத்தியோகத்தில் யாரோ கை வைத்த மாதிரி கொஞ்சம் கோபமும் வந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

"அவன அங்கிருந்து இங்க வரைக்கும் நடந்து வரச் சொல்லுங்க சார். வந்துட்டான்னா வெக்கிறேன்."

எஸ்.ஐ. கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார், பையன் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான், சுளுக்குத்தான், வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று. எனக்கு அவர் சொன்னது முழுக்க நியாயமாகப் பட்டது. எங்கள் லைனில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பாத்ரூம்தான், மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும், நானே இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். உதவி செய்கிற எண்ணத்தில், "பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சா வழுக்காதுங்க சார்," என்றேன்.

கேட்டுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எஸ்.ஐ.யின் பொறுமையைக் கெடுத்தது. கையைக் காட்டினார். இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே போய் மாமாவின் கைகளுக்கு அடியில் கை கொடுத்தார்கள்.

"நீங்க தூக்காதீங்க. அவனா நடக்கட்டும்," என்றாள் அம்மா.

அவர்கள் எஸ்.ஐ. முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கையை எடுத்துவிட்டார்கள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நின்றபோது பாதம் தரையில் படாமல், ஓரத்தை மட்டும் ஊன்றிக்கொண்டிருந்தார். எரிகிற மணலில் நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். எங்களைப் பார்த்து இன்னொரு தடவை சிரிக்க முயற்சி செய்தார். ஒரு எட்டு வைத்தார். சுவரோடு சரிந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர்தான் முதலில் வாயைத் திறந்தார். "யாக்கம்மா இதெல்லா, எதுக்கு? பையன் வந்தா போதும்தானே," என்றார். அப்பா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அம்மாவின் முழங்கையைத் தொட்டு, வை, போய்விடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவர் முகம் வேர்த்துக் கொட்டியது. அவரும் மாமாவை நினைத்துத்தான் சொன்னார். எவ்வளவு நேரத்துக்குள் அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்ற கணக்குத்தான் அவருக்குள் ஓடியிருக்கும்.

அப்புறம் மாமாவே சொன்னார்.

"அக்கா, வெச்சுடுக்கா. வூட்டுக்குப் போலாம்."

இப்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கும். பஸ் ஸ்டாண்டில் நாலு பேருக்குக் கேட்கப் பேசுகிற குரல் இல்லை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் வலது கையைப் பிடித்து மை டப்பா பக்கம் இழுத்தேன். அவள் என் கையை உதறவில்லை. தன் விரல்களை மடக்கி, என் கையையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

"நீ பேசாத இருடா," என்று மாமாவிடம் சொன்னாள். அதட்டல் மாதிரித்தான் இருந்தது.

எஸ்.ஐ. காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்தார். "கடைசியாக் கேக்கறேன். கூட்டிட்டுப் போறியா, கேஸ் போட்டு உள்ள தள்ளட்டுமா?"

"போடுங்க சார்," என்றாள் அம்மா. "கேஸ் போட்டா ஜட்ஜுகிட்டதான கூட்டிட்டுப் போவணும்? அங்க நடக்கச் சொல்லுங்க. நான் வந்து பாக்கறேன்."

எஸ்.ஐ. அவளையும் பார்த்தார், கேட்டுக்கு வெளியே நின்றவர்களையும் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன வார்த்தையை அவரால் திருப்பி வாங்க முடியவில்லை. போட்டார். திருட்டுக் கேஸ் போட முடியாது, புஷ் எல்லாம் மெருகோடு திரும்பி வந்துவிட்டது. அதனால், விசாரணைக்கு வந்த இடத்தில் மாமா தகாத வார்த்தை பேசி, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டுத் தப்பி ஓடப் பார்த்தார் என்று கேஸ். எழுந்து ஒரு எட்டு வைக்க முடியாதவர் ஓடப் பார்த்தார் என்று எழுதும்போது ரைட்டருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கோர்ட்டுக்குக் கொண்டு போனார்கள். நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம், மாமாவின் கூட்டாளிகள் சைக்கிளில் வந்தார்கள். ஜீப்பிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் மாமாவின் தோளில் கை போட்டு, ரொம்ப நாள் பழகிய சிநேகிதர்கள் மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, போலீஸ் மேல் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார். வழியில் என்ன சொல்லிக் கூட்டி வந்தார்களோ.

மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது பின்னால் நின்றிருந்த எங்கள் அம்மா, "அவன நடக்கச் சொல்லுங்கம்மா," என்றாள். கோர்ட்டில் அப்படிப் பேசக்கூடாது என்று ஒருவர் அவளை வெளியே தள்ளப் பார்த்தார். மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவரை விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று கான்ஸ்டபிள்களிடம் சொன்னார். அவ்வளவுதான். அவர்கள் கையை எடுத்ததுமே மாமா சரிந்துவிட்டார், நடக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி உத்தரவானது. இரண்டு உள்ளங்காலும் கருத்து வீங்கியிருந்தன, ஒரு பாதத்தில் எலும்பு உடைந்திருந்தது. டாக்டர் அத்தனையும் எழுதினார். வழுக்கி விழுகிறவர்களுக்கு உள்ளங்காலில் அடிபடாது என்பது டாக்டருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு மாமாவைக் கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் சடை பின்ன உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன், எண்ணெய் வைக்காத தலையோடு பள்ளிக்கூடம் போவேன். என் கணக்கு ரொம்ப நேரானது. விரலை அந்த மையில் தொட்டு வைத்திருந்தால் மாமா அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பார். வைக்காததால் ஜெயிலுக்குப் போய்விட்டார். லைனிலும் பலபேருக்கு அதே கணக்குத்தான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு அத்தை, அம்மாவின் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "கூடப்பொறந்தவன விட இவளுக்கு வீம்பு பெருசாப் போச்சு. வெச்சுட்டு வந்திருந்தா இந்நேரம் ஒத்தடம் குடுத்துக்கினு இருக்கலாம்." அம்மா குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று ராத்திரி களி கிண்டும்போது நான் கேட்டேவிட்டேன், ஒரு விரல்தானே அம்மா என்று. அவள் அடுப்பைத் தணித்தாள், தட்டு எடுத்து வரச் சொன்னாள்.

ஜாமீனில் வெளியே வந்த மாமா ஊன்றுகோலோடு வந்தார். ஜெயில் சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு விடுதலை என்று ஒரு சட்டம் வந்தால், அங்கே ஒருத்தனும் வெளியே வரமாட்டான் என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அவர் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், அவர் வாங்கி ஊற்றிக்கொள்வார். எட்டு மணி நேரம் நிற்கிற வேலைக்கு அந்தக் கால் திரும்ப உதவவில்லை. இப்போது பாகலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

கோர்ட் வாசலில் எங்களைப் பார்த்த ஒரு வக்கீலம்மா, அந்த டாக்டர் எழுதியதை வைத்து மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிப் போட்டார். மாமா மேல் போட்ட கேஸ் ஒரு வருஷத்தில் ஒன்றுமில்லாமல் போனது. ஆணையத்தின் விசாரணைதான் இழுத்துக்கொண்டே போனது. கிருஷ்ணகிரியில் அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். முடிவில் எஸ்.ஐ.க்குப் பதவி உயர்வை நிறுத்தினார்கள், நஷ்ட ஈட்டை அவர் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார்கள். இது போதாது என்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் போலீஸ்காரர் ஒருவர் அடித்தது தப்பு என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்ததை எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அந்த விசாரணை நாளில் நானும் மாமாவும் அம்மாவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல சாமர்த்தியசாலி. என் கட்சிக்காரர் அன்றைக்கே அனுப்பத் தயாராக இருந்தார், கூட்டிக்கொண்டு போக மறுத்தது நீங்கள்தானே என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். உங்கள் தம்பியே வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சினாரே என்றார். அதற்கும் ஆமாம் என்றாள்.

"அப்ப தம்பி மேல உங்களுக்கு என்னம்மா கோவம்?"

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. வக்கீல் கேட்டது எதிர்த்தரப்புக் கேள்வி என்பதால் மட்டும் இல்லை. அது என்னுடைய பழைய கேள்வியும்தான்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். விசாரிக்கிற அதிகாரியைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு மூத்தவர் ஒரு அண்ணன் இருந்தாருங்க. ஆடு திருடுனாருன்னு ஊர்ல புடிச்சுக்கினு போனாங்க. ஆடு அப்புறம் கெடச்சிருச்சு. இந்த மாதிரிதான் ஒரு காயிதம் குடுத்தாங்க, எங்கப்பா கைநாட்டு வெச்சுக் கூட்டிட்டு வந்தாரு. நான் கூடப் போயிருந்தேன். இவன் அப்ப என் இடுப்புல இருந்தான்."

திரும்பாமலேயே, கையை மட்டும் பின்னால் நீட்டி மாமாவைக் காட்டினாள்.

"எங்கப்பா விரல்ல மை அழியலீங்க. அதுக்குள்ள அண்ணன் பொணத்த எடுத்துட்டோம். அப்புறம் நியாயம் கேட்டு எங்கப்பா என்னையும் கூட்டிக்கினு எங்கெங்கியோ போனாரு. போன எடத்துல எல்லாம் அந்தக் காயிதத்ததான் படிச்சுக் காட்டுனாங்க. நல்ல ஒடம்போட கூட்டிட்டுப் போனன்னு நீதான வெச்சிருக்கன்னு."

வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். மாமா நிமிரவே இல்லை. தனக்கு ஒரு அண்ணன் இருந்து காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு அதுகூடத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு மாமாதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். நான் அந்த ஸ்டேஷன் வராந்தாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஒரு காகிதத்தை வாசித்துக் காட்டிய பிள்ளை நான் என்று அத்தனை வருஷமும் பெருமைப்பட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அந்தக் காகிதம், அன்று வராந்தாவில் எனக்கிருந்த வயதிலேயே மனப்பாடம். அவளுக்காக அதை யாரும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் அது விழ வேண்டும் என்றுதான் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.